நான்கு மணிச் சிப்பி

தோர்மாவில் என் விடியலைச் சேவல் கூவுவதில்லை.
கொட்டகையில் சேவலே கிடையாது.
ஆயிரத்து இருநூறு பெட்டைகள்,
கடனில் வாங்கிய கூண்டுகள்,
தகரத் தொட்டியில் சோளம் விழும் சத்தம்.

தலைக்கு நூற்றுப் பதினைந்து கிராம்.
ஒரு கைப்பிடி; கொஞ்சம் தாராளமான கைப்பிடி.
குறைத்தால் முட்டை குறையும்.
கூட்டினால் ஈரலில் கொழுப்பு ஏறும்.
இந்த இரண்டு வரியைப் படிக்க
எனக்கு இரண்டு வங்கி தேவைப்பட்டது.

ஹர்மத்தான் புழுதி அடித்த மாதம்
முட்டைகள் மெலிந்தன.
உருவத்தில் இல்லை, ஓட்டில்.
அட்டையில் அடுக்கும்போதே விரல் உள்ளே இறங்கியது.
குமாசியிலிருந்து வரும் ஃபோரிவா
இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்தாள்.
"தச்சிவா, இது முட்டையா, வெங்காயத் தோலா?"
பதினோரு அட்டையை இறக்கி வைத்துவிட்டு
லாரியில் ஏறிக்கொண்டாள்.

வெயில் என்றேன் நான்.
பொய்யில்லை; நடுப்பகலில் அலகு திறந்து இரைக்கும் கோழி
தொட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
நோய் என்றார் மருந்துக் கடைக்காரர்.
மூன்று புட்டி விற்றார்.
சூனியம் என்றாள் அடுத்த பண்ணைக்காரி.
அவள் எதுவும் விற்கவில்லை, அந்த மட்டும் நன்றி.

பிறகு கோழிகள் உட்காரத் தொடங்கின.
கண்ணில் தெளிவு இருந்தது,
கொண்டையில் சிவப்பு இருந்தது,
கால் மட்டும் சொல் கேட்கவில்லை.

செத்த ஒன்றை அறுத்தேன்.
தொடை எலும்பு
காய்ந்த சோளத்தட்டையாய் முறிந்தது.
வயிற்றில்
மறுநாள் இடவேண்டிய முட்டை,
பாதி ஓடு கட்டியபடி.

கத்தியைக் கீழே வைத்தேன்.
விளக்கணைந்து, தொட்டி வெறிச்சோடிய நேரத்தில்
இவள் ஓடு கட்டியிருக்கிறாள்.
சுண்ணாம்புக்கு எங்கே போவாள்?
தன் எலும்பிலேயே கடன் வாங்கினாள்.
வட்டி காலில் ஏறியது.

ஜாபாவைக் கூப்பிட்டேன், தீவனம் கலப்பவன்.
"போன மாதம் எதை மாற்றினாய்?"
"ஒன்றுமில்லை அம்மா.
சிப்பியை மட்டும் மாவாக அரைக்கிறேன்,
கலவை பார்க்க அழகாயிருக்கிறது."
அந்த அழகு
பொழுது சாயும் முன்னே குடலைக் கடந்து
கூண்டுக்குக் கீழே கிடந்தது.
நான் ஊட்டியது கோழிக்கு அல்ல, எருவுக்கு.

சல்லடை மாறியது.
அடா கழிமுகத்துச் சிப்பி, இப்போது மிளகளவு.
கடலைக் கண்டிராத கோழிகள்;
நானும் கண்டதில்லை,
மூட்டையைப் பிரிக்கும்போது வரும் உப்பு வாடையோடு சரி.

மாலை நான்கு மணி.
இரைப்பு அடங்கி, நிழல் நீண்டதும்
தீவனத்தின் மேல் தூவுகிறேன்.
இன்றிரவு ஓடு கட்டப்போகிறவள்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிறாள்.
பக்கத்தில் இருப்பவள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு
சிப்பியைத் தள்ளிவிடுகிறாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
தேவை தீர்ந்ததும் நிறுத்த
எனக்கு இன்னும் தெரியாது.

விளக்கணைத்த பிறகு ஒருமுறை போனேன்.
கூண்டுக்குள் கைவிட்டு
ஒருத்தியின் இரைப்பையைத் தடவினேன்.
நெறுநெறு.
பையில் சில்லறை உள்ளவளின் தூக்கம்.

மூன்று வாரம் கழித்து ஃபோரிவா தட்டினாள்.
ணங்.
ஒன்றும் சொல்லவில்லை.
முப்பது அட்டை ஏற்றினாள்,
விலையில் ஒரு பெசேவா கூட ஏற்றவில்லை.

விழுந்தவர்களில் பலர் எழுந்தார்கள்.
ஒருத்தி எழவில்லை.
சமையலறை வாசலில், மீன் டின் வந்த பெட்டியில்
அவளுக்குத் தனித் தட்டு.
தீவன நோட்டில் அவளுக்கு ஒரு வரி:
தின்றது, நூற்றுப் பதினைந்து.
இட்டது, ஒரு கோடு.

"விற்றுவிடலாமா?" என்று ஜாபா கேட்கிறான்.
நாளைக்கு என்கிறேன்.
நேற்றும் அதைத்தான் சொன்னேன்.